அரை அவுன்ஸுக்கு மேல்

அமெரிக்காவிலிருந்து வரும் கடிதத்துக்குக் கூலி ஒரு ஷில்லிங். அனுப்புகிறவன் அங்கேயே கட்டலாம். கட்டாவிட்டால் வாங்குகிறவர் இங்கே கட்டவேண்டும். இந்தக் கணக்கும் அரை அவுன்ஸ் எடை வரைக்கும்தான். அதற்கு மேல் ஒரு தூசி விழுந்தாலும் இரண்டு ஷில்லிங். எங்கள் கில்ப்ரைனில் தபால் பார்த்துவந்த பெடீலியா டூஹிக்கு இதெல்லாம் காலை ஜெபம் போல மனப்பாடம். அந்த ஷில்லிங்கின் பன்னிரண்டு பென்ஸில் கடலைத் தாண்டும் நீராவிக் கப்பலுக்கு எட்டுப் பென்ஸ், அமெரிக்கக்காரனுக்கு இரண்டரைப் பென்ஸ். மிச்சம் ஒன்றரைப் பென்ஸில்தான் லிவர்பூலிலிருந்து டப்ளின், லிமெரிக் என்று சுமந்துவந்து கிளேர் கவுண்டியின் இந்த மூலையில் சேர்க்க வேண்டும். கடலுக்கு எட்டு, கரைக்கு ஒன்றரை, இது என்ன நியாயம் என்று தேயிலை வாங்க வருகிறவர்களைக்கூட அவள் விடமாட்டாள். தபாலும் தேயிலையும் ஒரே கடையில், ஒரே மேசையின் இரண்டு முனைகளில் நடந்தன.

இப்படிப்பட்டவளின் கண்ணில் நாலு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தவள் ஹனோரா கஷின்.

ஹனோராவின் புருஷன் மலாக்கி, பஞ்சம் முடிந்த வருஷம் பாஸ்டனுக்குப் போனவன். அங்கே துறைமுகத்தில் நீராவிக் கப்பல்களுக்குக் கரி ஏற்றும் வேலை. மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும். கூலி கட்டாத கடிதம். ஹனோரா வந்து அதைக் கையில் வாங்குவாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விலாசத்தை ஒரு நிமிஷம் பார்ப்பாள். "ஐயோ, ஷில்லிங்குக்கு நான் எங்க போவேன்?" என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திருப்பி மேசையில் வைப்பாள். அதற்கப்புறம் கடைவாசலைத் தாண்டுவதற்குள் வாயில் ஏதாவது ஒரு பாட்டு வந்துவிடும்.

புருஷன் கடிதத்தைப் பிரிக்க வக்கில்லாதவள் பாடிக்கொண்டா போவாள்? இரண்டாம் மாதமே பெடீலியாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே ஒன்றும் இல்லை. சேதி மேலேயே இருக்கிறது. விலாசத்தில் ஏதோ ஓர் அடையாளம், எது என்றுதான் பிடிபடவில்லை. ஆனால் சட்டப்படி அவளால் ஒன்றும் செய்யமுடியாது. கடிதத்தை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. வேண்டாம் என்றதைச் சிவப்பு மையில் பதிந்து, திங்கட்கிழமைப் பையில் டப்ளினுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அதைப் பிரிக்காமல் மறுபடி கப்பலேற்றுவார்கள். மலாக்கி கஷினின் வெற்றுத் தாளை மகாராணியின் தபால் மூவாயிரம் மைல் ஓசியில் கொண்டுவந்து, மூவாயிரம் மைல் ஓசியில் கொண்டுபோய் விட்டது. நினைக்க நினைக்கப் பெடீலியாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த மாதம் கடிதம் இரண்டு நாள் தாமதமானால், இன்னும் காணோமே என்று பதறுகிறவளும் அவள்தான்.

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்துமூன்றாம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. பையில் வந்த கடிதத்தைப் பெடீலியா வழக்கம்போல் தராசில் வைத்தாள். தட்டு தொப்பென்று இறங்கியது. அரை அவுன்ஸுக்கு மேல். நடுவில் புடைப்பாக வேறு இருந்தது. லிமெரிக்கிலேயே மேலே இரண்டு ஷில்லிங் என்று போட்டிருந்தார்கள். விலாசம் மலாக்கியின் கோணல் எழுத்துதான், சந்தேகமில்லை.

மத்தியானம் ஹனோரா வந்தாள்.

"வந்திருக்கா, டூஹியம்மா?"

"வந்திருக்கு. இந்தத் தடவ ரெண்டு ஷில்லிங்."

"ரெண்டா? ஒண்ணே குடுத்ததில்ல, எங்கிட்டப் போயி ரெண்டு கேக்குறீங்களே!"

கடிதத்தை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். முகம் மலர்ந்தது. திரும்பி வந்து பெருமூச்சுக்காக வாயைத் திறந்தாள்.

"நிறுத்துடி," என்றாள் பெடீலியா. "நாலு வருஷமா இந்தக் கூத்தப் பாத்துப் பாத்து எனக்கே பாடமாயிருச்சு. நான் வேணா அழுது காட்டட்டுமா?"

ஹனோரா சிரித்துவிட்டாள். கடையில் வேறு யாரும் இல்லை.

"சரி, இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? நான் திங்கக்கெழமை கெளம்புறேன். லிமெரிக்ல கப்பல். பன்னியும் வித்தாச்சு, வீட்டுச் சாவியும் குடுத்தாச்சு. சொல்லாமக் கொள்ளாம அந்தக் கரித்தொறையில போயி அவரு முன்னாடி நிக்கப்போறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அதனால சொல்றேன், கேட்டுக்குங்க." விலாசத்தில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினாள். "எம்பேருக்குக் கீழ கோடு இருக்குல்ல? அப்படின்னா சொகமா இருக்கேன், வேலை இருக்குன்னு அர்த்தம். கோடு இல்லாம வந்தா ஒடம்பு சரியில்ல. இந்த மூலையில ஒரு புள்ளி இருந்தா மட்டும் காசக் குடுத்து வாங்கணும், உள்ள ஏதோ இருக்கு. அவருக்கு எழுத வர்றதே இந்த வெலாசம் ஒண்ணுதான். எனக்கு அதுவும் வராது. எங்க ரெண்டு பேருக்கும் இது போதாதா?"

பெடீலியா அந்த மூலையைப் பார்த்தாள். புள்ளி இல்லை. பெயருக்குக் கீழே கோடு அழுத்தமாக, நேராக இருந்தது.

"அப்ப இது ஏன் இவ்வளவு கனம்?"

"தாளு மொத்தமா இருக்கும்."

"நாலு வருஷமா அதே தாளு. ஒண்ணுகூட கால் அவுன்ஸத் தாண்டினதில்ல. இங்க பாரு." அவள் முன்னாலேயே தராசில் வைத்துக் காட்டினாள். "உள்ள ஏதோ இருக்கு. சும்மா அனுப்புறவன் ஏன் திடீர்னு உள்ள வைக்கிறான்? வாங்கிப் பிரிச்சுப் பாரு."

"உள்ள ஏதாச்சும் வச்சிருந்தா புள்ளி வச்சிருப்பாரு."

"மறந்திருக்கலாம்."

"கோட்ட மறக்கலையே!"

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஹனோரா. ஊரவிட்டே போறவ, ஒரு வார்த்த என்னன்னு பாத்துட்டுப் போயேன்."

ஹனோராவின் சிரிப்பில் ஒரு கோணல் விழுந்தது. "எனக்குத் தெரியும் டூஹியம்மா. இத்தன வருஷம் பிடுங்க முடியலையே, போறப்பவாவது சேத்துப் பிடுங்கிரலாம்னு பாக்குறீங்க."

பெடீலியாவுக்குச் சுருக்கென்றது. அந்த ஷில்லிங்கில் ஒரு காசுகூட அவள் பைக்கு வருவதில்லை. "எனக்கென்ன வந்துச்சு? போ," என்றாள். சிவப்பு மைப்புட்டியைத் திறந்து, பதிவேட்டில் 'வேண்டாமென்றார்' என்று எழுதி, அந்த வார்த்தையைக் கடிதத்தின் மேலும் எழுதி, அடுக்கில் எறிந்தாள். ஹனோரா வாசலைத் தாண்டும்போது பாட்டு ஆரம்பமானது.

சனிக்கிழமை முழுக்கப் பெடீலியாவுக்கு வேலை ஓடவில்லை. அரைப் பவுண்டு சோப்புக்குப் பதில் மெழுகுவர்த்தியைக் கட்டிக் கொடுத்தாள். அடுக்கிலிருந்து கடிதத்தை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். ஒட்டியிருந்த இடத்தில் மெழுகு தாறுமாறாக வழிந்திருந்தது. ஒருமுறை ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டினால்தான் அப்படி வரும். வெற்றுத் தாளை எதற்குப் பிரித்து ஒட்ட வேண்டும்? பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேருடைய கடிதத்தை அவள் தொட்டிருக்கிறாள்; பிரித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது அன்றுதான். தோன்றியதற்கே வெட்கப்பட்டுக் கடிதத்தைத் திருப்பி வைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து மத்தியானம் ஹனோராவின் வீட்டில் கூட்டம். எங்கள் பக்கத்தில் கடல் தாண்டிப் போகிறவர்களுக்கு, செத்தவர்களுக்குச் செய்வதுபோல உட்கார்ந்து துக்கம் காப்பது வழக்கம். திரும்பி வந்தவர் யாரும் இல்லை என்பதால் ஏற்பட்டது. ஆனால் தேநீரும் ரொட்டியும் பிடில் வாசிப்பும் இருக்கும். பெடீலியாவும் போனாள். கூட்டத்துக்கு நடுவில் ஹனோராவை ஓரமாக இழுத்தாள்.

"அந்தக் கடுதாசி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. காலையில பையக் கட்டுறதுக்குள்ள வந்தேன்னா வாங்கிக்கலாம்."

ஹனோரா ஒரு கோப்பைத் தேநீரை அவள் கையில் திணித்தாள். "விடமாட்டீங்களே! பாஸ்டன்ல எறங்கினதும் அவரையே கேட்டு உங்களுக்குச் சொல்லி அனுப்புறேன், கனம் ஏன்னு. போதுமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பெடீலியா தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு லிமெரிக் போகும் தபால் வண்டி கடைவாசலில் நின்றது. வண்டிக்காரன் கோர்மக், ஹனோராவின் பெட்டியை மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். ஹனோரா புதுச் சால்வை போர்த்து நின்றாள். பையை முத்திரை வைத்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. பைக்குள் அந்தக் கடிதமும் போகவேண்டும். அவளும் அதுவும் ஒரே வண்டியில் லிமெரிக் வரைக்கும் போகப்போகிறார்கள். இவள் ஆறு வாரம் பாய்க்கப்பலில் கிடந்து வாந்தியெடுத்துப் போவாள்; அந்தத் தாள் நீராவிக் கப்பலில் பன்னிரண்டே நாளில் போய்விடும். ஏழைகளின் கடிதத்துக்குக் கிடைத்த கப்பல் ஏழைகளுக்குக் கிடைத்ததில்லை.

பெடீலியா பையை மூடப் போனாள். கை நின்றது. உள்ளே போய்த் தன் சொந்தப் பணப்பையிலிருந்து இரண்டு ஷில்லிங்கை எடுத்துத் தபால் பணப்பெட்டியில் போட்டாள். பதிவேட்டில் தான் எழுதிய வரியைத் தானே அடித்தாள். அந்தப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் இருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

"ஹனோரா, உள்ள வா."

"என்னம்மா, நேரமாச்சு."

"கூலி கட்டியாச்சு. இது ஒன் கடுதாசி. பிரி."

ஹனோரா அவளையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்களா கட்டுனீங்க? நீங்க? மழ வந்து என் கப்பல் நின்னுறப்போகுது!" சிரித்துக்கொண்டேதான் மெழுகை உடைத்தாள்.

மேசைமேல், மாதா பேரில் கழுத்தில் அணியும் ஓர் உத்தரியம் விழுந்தது. கயிற்றில் கோத்த இரண்டு பழுப்புக் கம்பளித் துண்டுகள். கரித்தூள் ஏறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் நீல நூலில் போட்ட தையல். கழுத்தில் போட்ட உத்தரியத்தை எங்கள் ஆண்பிள்ளைகள் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார்கள். உயிரோடு இருக்கும்வரை கழற்றமாட்டார்கள்.

ஹனோரா அதைத் தொடவில்லை. "இது நான் தச்சது," என்றாள். பிறகு, உள்ளே மடித்திருந்த தாளை நீட்டினாள். "படிங்க."

பெடீலியா படித்தாள்.

"திருமதி கஷின் அவர்களுக்கு, மலாக்கியோடு ஒரே அறையில் தங்கியிருந்த டொமினிக் ரஃப்டர் எழுதுவது. மலாக்கி ஏப்ரல் ஒன்பதாம் தேதி நெஞ்சுச் சளிக் காய்ச்சலில் இறந்துபோனார். சாமியார் வந்து எண்ணெய் பூசினார். நல்லபடியாக அடக்கம் செய்தோம். இதை உங்களுக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும். எனக்குச் சரியாக எழுத வராது என்பதால் தள்ளிப் போட்டேன், மன்னிக்க வேண்டும்.

"கிறிஸ்துமஸ் அன்று கப்பல் ஏதும் இல்லாததால் அவர் உட்கார்ந்து உங்களுக்கு ஏழு கடிதம் தயார் செய்து ஒட்டி வைத்தார். மார்ச்சில் படுத்ததும், மாதம் ஒன்றாக மிச்சத்தைத் தபாலில் போடு, கூலி கட்டாதே, அவள் அங்கே கட்டிக்கொள்வாள், அப்படித்தான் எங்கள் வழக்கம் என்று என்னிடம் சொன்னார். அவர் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. அது அவர் உங்களுக்குச் சொன்ன வார்த்தை. அதைப் பிடித்துவைக்க நான் யார்? கடைசி ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதில் என் தாளையும் அவர் உத்தரியத்தையும் வைக்கலாம் என்று பிரித்தேன். உள்ளே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அதை மட்டும் எழுதி முடிக்கவில்லை போலிருக்கிறது. மற்ற ஆறிலும் அவர் சொன்னது உங்களிடம் இருக்குமே, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்."

வாசலில் குதிரை காலை மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. "தங்கச்சி, வரியா இல்லையா?" என்று கோர்மக் குரல் கொடுத்தான்.

ஹனோரா விலாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயருக்குக் கீழே அந்தக் கோடு. ஏழிலும் அவன் அதைப் போட்டிருந்தான். கிறிஸ்துமஸ் அன்று திடகாத்திரமாக இருந்தவன், வரப்போகும் ஆறேழு மாதத்துக்கும் சேர்த்துச் சுகம் என்று எழுதிவிட்டான். நோய் என்று முன்கூட்டி யார்தான் எழுதிவைப்பார்கள்?

"மே மாசம் ஒண்ணு வந்துச்சு," என்றாள். "ஜூன்ல ஒண்ணு. போன மாசம் ஒண்ணு. சொகம், சொகம்னு. நான் பாட்டுப் பாடிக்கிட்டுப் போனேனே, டூஹியம்மா."

பெடீலியா மேசையைச் சுற்றி வந்து, ஹனோராவின் தோளைப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தாள். நாலு வருஷத்தில் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

கோர்மக் உள்ளே எட்டிப் பார்த்தான். மேசைமேல் கிடந்த உத்தரியத்தைப் பார்த்ததும் தொப்பியை எடுத்துவிட்டான். "பெட்டிய எறக்கிரட்டுமாம்மா?" என்று பெடீலியாவைக் கேட்டான்.

"எறக்கு," என்றாள் ஹனோரா.

அவன் பெட்டியை வாசலில் இறக்கி வைத்து, பையை வாங்கப் போனான்.

"கொஞ்சம் நில்லுண்ணே," என்று ஹனோரா அவனைத் தடுத்தாள். "இன்னொரு கடுதாசி இருக்கு. டூஹியம்மா, ஒரு தாளு எடுங்க. அந்த ரஃப்டருக்கு எழுதணும்."

"இப்பவேவா? அப்புறமா எழுதிக்கலாம்மா. மொதல்ல ஒரு வாய் ஏதாச்சும் குடி."

"இப்பவே. அந்த மனுசன் நாலு மாசமா இதச் சொமந்துக்கிட்டு இருந்திருக்காரு."

பெடீலியா தாளை விரித்துப் பேனாவைத் தொட்டாள். "சொல்லு."

"நீங்க போட்ட கடுதாசி எல்லாம் வந்து சேந்துச்சுன்னு எழுதுங்க. ஒண்ணும் தவறல."

பெடீலியா எழுதினாள்.

"அவரு எங்கிட்டச் சொல்ல நெனச்சதெல்லாம் அதுல இருந்துச்சு. எல்லாத்தையும் படிச்சுட்டேன். பத்திரமா வச்சிருக்கேன்."

பேனா நின்றது. பக்கத்திலேயே பதிவேடு திறந்து கிடந்தது. மே, ஜூன், ஜூலை. மூன்று வரி, 'வேண்டாமென்றார்' என்று அவளே சிவப்பு மையில் எழுதியவை. அந்தக் கடிதங்கள் இந்நேரம் எந்தக் கிடங்கில் கிடக்கின்றனவோ. யாராவது பிரித்தாலும் யாருக்கு, யாரிடமிருந்து என்றுகூட உள்ளே ஒரு சொல் இருக்காது.

"எழுதுங்கம்மா," என்றாள் ஹனோரா. "பிரிக்காமலே திருப்பி அனுப்பிட்டேன்னு சொன்னா அவரு மனசு என்ன பாடுபடும்?"

பெடீலியா எழுதினாள். சொன்னபடியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள். தாளை மடித்து ஒட்டி, விலாசம் எழுதி, தராசில் வைத்தாள். கால் அவுன்ஸ்கூட இல்லை.

ஹனோரா சால்வை முடிச்சை அவிழ்த்து ஒரு ஷில்லிங்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இத நான் கட்டுறேன். அவருகிட்டப் போயி யாரும் காசு கேக்கக்கூடாது."

பெடீலியா மறுக்கவில்லை. கூலி கட்டியாயிற்று என்ற முத்திரையைக் குத்திக் கோர்மக்கின் பையில் போட்டு, கயிற்றை இறுக்கி அரக்கு வைத்தாள். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான்.

"இது போய்ச் சேர எத்தன நாளாகும்?" என்று ஹனோரா கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை.

"கடல்ல பன்னெண்டு நாள். முன்ன பின்ன தரையில மூணு. எல்லாம் சேத்துப் பதினஞ்சு நாள்."

"பதினஞ்சே நாளா? அவ்வளவு கிட்டத்துலயா இருந்தாரு?" என்றாள் ஹனோரா. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.